காற்றாலைக்குக் காது முளைத்த கதை

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் கறுப்பாகக் கிடக்கும். ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் சாதாரண ஆற்று மணலைவிடக் கை கனக்கும். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றுச் சரக்கில் ஒட்டிவந்த மணலைச் சோதித்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்தக் கரைக்கு உலகப் பெயர் வந்தது. அன்றைக்கு ஐரோப்பியத் தெருக்களில் எரிந்த எரிவாயு விளக்குகளின் மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. மோனசைட்டில் தோரியம் இருந்தது. மற்றதெல்லாம் கூடவந்த சரக்கு.

அந்தக் கூடவந்த சரக்கில்தான் நம் கதை தொடங்குகிறது. மணல் ஆலைக்குள் காந்தமும் உயர் மின்னழுத்தமும் மணலைப் பிரித்துவிடும். காந்தத்துக்கு இழுபடுவதும் மின்சாரத்தைக் கடத்துவதும் இல்மனைட். கடத்தும், ஆனால் காந்தத்துக்கு மசியாது என்றால் ருட்டைல். இரண்டுக்கும் அசையாமல் ஒதுங்குவது ஜிர்கான். இல்மனைட்டும் ருட்டைலும் டைட்டானியம் தரும், ஜிர்கான் ஜிர்கோனியம் தரும். இவற்றோடு ஈயத்தைச் சேர்த்துச் சுட்டால் கிடைக்கிற பீங்கானுக்குப் பெயர் பிஇஜட்டி. நூறு மீட்டர் உயரத்தில் சுழலும் காற்றாலையின் கியர்பாக்ஸ் மேல் உட்கார்ந்துகொண்டு, உள்ளே ஒரு பேரிங் தேயத் தொடங்கிவிட்டது என்று மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்கிற அதிர்வு சென்சாருக்கு உயிர் இந்தப் பீங்கான்தான்.

அதே மாவட்டத்தில் காற்றாலைகள் நெருங்கி நிற்கும் முப்பந்தலில் மாட்டிய சென்சாரின் ஜிர்கோனியம் மணவாளக்குறிச்சியிலிருந்தே போனது என்று எழுத ஆசைதான். ஆனால் அப்படி எழுதினால் கதை விடுவதாகிவிடும். அது ஆஸ்திரேலிய மணலாகவும் தென்னாப்பிரிக்க மணலாகவும் இருக்கலாம். உலகத்தில் எடுக்கப்படும் ஜிர்கானில் பெரும்பகுதி தரை ஓடுகளின் மெருகுக்கும் வார்ப்பட அச்சுக்கும் போய்விடுகிறது. இந்தப் பீங்கானுக்குப் போவது துளியளவு. ஆனாலும் மூலப்பொருள் கிடைக்கும் கரையும், அது கடைசியில் போய் உட்காரும் உச்சியும் ஒரே மாவட்டத்துக்குள் இருப்பது உலகத்தில் எத்தனை இடத்தில் அமையும்? இடையில் நாகர்கோவில் மட்டும்தான். (மணல் எடுப்பதை எதிர்த்துக் கடற்கரை ஊர்கள் போராடிவருவது தனிக் கதை. அதை ஒரு வரியில் முடித்தால் நியாயமாக இருக்காது.)

பிஇஜட்டியின் வம்சாவளி 1880-இல் பாரிஸில் ஆரம்பிக்கிறது. ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற அண்ணன் தம்பி, இருவருக்கும் இருபதுகள்தான் வயது. குவார்ட்ஸ், டூர்மலின், ரோஷெல் உப்பு, கரும்புச் சர்க்கரைப் படிகம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அழுத்திப் பார்த்தார்கள். அழுத்தினால் படிகத்தின் முகங்களில் மின்னூட்டம் தோன்றியது. இதற்குப் பீசோ விளைவு என்று பெயர். பிற்பாடு ரேடியத்தால் புகழ்பெற்ற பியேரின் முதல் பெரிய கண்டுபிடிப்பு இதுதான். கண்டுபிடித்தார்களே தவிர, முப்பது நாற்பது வருஷம் அதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. முதல் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களைக் கவிழ்க்கத் தொடங்கியபோதுதான், பியேரின் மாணவர் போல் லான்ஷ்வான் குவார்ட்ஸைத் தண்ணீருக்குள் இறக்கி ஒலி அனுப்பினார், திரும்பி வந்ததைக் கேட்டார்.

இந்தப் பொருளின் வாழ்க்கையில் ஒரு வழக்கம் உண்டு. சும்மா இருக்கும்போது அதை யாரும் தேட மாட்டார்கள். யாருக்காவது பயம் வரவேண்டும், அல்லது பணம் போகவேண்டும். அப்போதுதான் அடுத்த ஊருக்குப் பயணம். போர்ப் பயம் முதல் பயணம். அடுத்தது இன்சூரன்ஸ்காரர்களின் பயம். 1939-இல் அமெரிக்காவில் டி. சி. ராத்போன் என்ற பொறியாளர், சுழலும் இயந்திரம் எந்த வேகத்தில் எவ்வளவு அதிர்ந்தால் பரவாயில்லை, எவ்வளவு அதிர்ந்தால் நிறுத்தியாக வேண்டும் என்று ஒரு வரைபடம் வெளியிட்டார். அதிர்வை வைத்து இயந்திரத்தின் ஆரோக்கியத்தைத் தரம்பிரித்த முதல் அட்டவணைகளில் அது ஒன்று. அவர் வேலை பார்த்தது ஆலையிலோ பல்கலைக்கழகத்திலோ அல்ல. நியூயார்க்கில் டர்பைன்களுக்குக் காப்பீடு கொடுக்கும் நிறுவனத்தில். உடைந்தால் காசு கொடுக்கவேண்டியவருக்குத்தானே எப்போது உடையும் என்ற கவலை!

1943-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கிராண்ட்பாஸ் நாப் என்ற மலையுச்சியில், உலகின் முதல் மெகாவாட் அளவுக் காற்றாலை நின்றது. பால்மர் புட்னம் வடிவமைத்தது. 1.25 மெகாவாட், இரண்டே இறக்கை, விட்டம் 53 மீட்டர். 1941 அக்டோபரில் மின்கம்பிக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. 1943 பிப்ரவரியில் அதன் முதன்மை பேரிங் போயிற்று. போர்க்காலம், மாற்று பேரிங் கிடைக்கவில்லை. ஒரு பேரிங்குக்காக அந்த ராட்சசன் இரண்டு வருஷம் சும்மா நின்றான். 1945 மார்ச்சில் மறுபடி ஓட விட்டார்கள். இறக்கையின் அடிப்பகுதி பலவீனமாக இருப்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், ஆனால் சரிசெய்ய இரும்புக்கும் ஆளுக்கும் வழியில்லை. ஒரு மாதம்கூட ஓடியிருக்காது. மார்ச் 26 அதிகாலையில் எட்டு டன் இறக்கை ஒன்று கழன்று இருநூறு மீட்டருக்கு அப்பால் போய் விழுந்தது. அத்தோடு அமெரிக்காவில் பெரிய காற்றாலை என்ற பேச்சு பல பத்தாண்டுகளுக்கு அடங்கிவிட்டது.

வெர்மான்ட்டில் அந்த பேரிங் போன அதே 1943-இல், ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த டென்மார்க்கில் பெர் புரூயல், விக்கோ கியேர் என்ற இரு பொறியாளர்கள் முந்தின வருஷம் தொடங்கிய சிறு நிறுவனம், விற்பனைக்கான முதல் பீசோ அதிர்வு சென்சாரைச் செய்தது. அதற்குள்ளே இருந்தது ரோஷெல் உப்பு. மருந்துக்கடையில் மலமிளக்கியாக விற்ற அதே உப்பு. அழுத்தத்துக்கு நன்றாக மின்னூட்டம் தரும், ஆனால் ஈரக்காற்று பட்டால் கசியும், 55 டிகிரி சூட்டிலேயே சிதைந்துபோகும். காற்றாலையின் உச்சியில் இயந்திரங்கள் இருக்கும் கூடான நாசெலுக்குள் ஒரு மத்தியானம்கூடத் தாங்காத பொருள். பேரிங்கும் சென்சாரும் ஒரே வருஷத்துச் செய்திகள், ஆனால் ஒன்றையொன்று சந்திக்க இன்னும் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நடுவில் பீங்கான் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான் மூன்றிலும் தனித்தனியே பேரியம் டைட்டனேட்டைக் கண்டார்கள். 1950-களின் தொடக்கத்தில் டோக்கியோவில் ஈயம்-ஜிர்கோனியம்-டைட்டானியம் கலவையை ஆராய்ந்தார்கள். 1954-இல் அமெரிக்கத் தர நிர்ணய ஆய்வகத்தில் ஜாஃபி குழுவினர் அந்தக் கலவையின் பீசோ வலிமையை நிலைநாட்டினார்கள். ஜிர்கோனியம் 52 பங்கு, டைட்டானியம் 48 பங்கு என்ற இடத்துக்குப் பக்கத்தில் படிக அமைப்பே ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் நிலையில் இருக்கும். லேசாகத் தொட்டாலும் பதில் சொல்கிற இடம் அதுதான்.

சமையல் எளிதில்லை. மூன்று ஆக்சைடு பொடிகளையும் கலந்து, 800 டிகிரிக்கு மேல் ஒருமுறை வறுத்து, அரைத்து, அச்சில் அழுத்தி, 1,250 டிகிரி சுமாருக்குச் சுட வேண்டும். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகி ஓடப் பார்க்கும். ஆகவே மூடிய மூசைக்குள், ஈய ஆவி நிறைந்த சூழலில்தான் சுடுவார்கள். வெளியே வருவது பார்க்கச் சாதாரணப் பீங்கான் வில்லை. அந்த நிலையில் அதை என்ன அழுத்தினாலும் பயன் இல்லை, ஏனென்றால் உள்ளே உள்ள கோடிக்கணக்கான நுண்பகுதிகள் ஆளுக்கொரு திசை பார்த்து நிற்கின்றன. வெள்ளி பூசி, நூறு டிகிரிக்கு மேல் சூடான எண்ணெயில் அமிழ்த்தி, மில்லிமீட்டருக்கு இரண்டாயிரம் மூவாயிரம் வோல்ட் கொடுத்தால் எல்லாம் ஒரு பக்கமாகத் திரும்பும். அந்த மின்புலத்தோடேயே ஆறவிட்டால் திரும்பிய முகம் திரும்பியபடியே நிற்கும். எடையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஈயம் உள்ள பொருள் இது. மின்சாதனங்களில் ஈயம் கூடாது என்று சட்டம் போட்ட ஐரோப்பாவே இதற்கு விலக்கு கொடுத்துவருகிறது, மாற்று கிடைக்காததால்.

அந்த வில்லையை ஒரு சின்ன கனமான உலோகத் துண்டோடு சேர்த்து, துருப்பிடிக்காத எஃகுக் கூட்டுக்குள் வைத்து, லேசரால் மூடிப் பற்றவைத்தால் சென்சார் தயார். கட்டைவிரல் பருமன், நூறு கிராம் சுமார் எடை. அடித்தளம் அதிரும்போது அந்த உலோகத் துண்டு தன் கனத்தால் பின்தங்கப் பார்க்கும், அதன் இழுப்பு பீங்கான்மேல் விழும், பீங்கான் மின்னூட்டம் தரும். அந்த மின்னூட்டம் அற்பமானது. கேபிளைத் தொட்டால் அழிந்துபோகும். ஸ்விட்சர்லாந்தின் வால்டர் கிஸ்லர் 1950-இல் அதற்கென்று ஒரு பெருக்கி செய்தார். 1960-களின் கடைசியில் அந்தப் பெருக்கியே சுருங்கி சென்சாரின் கூட்டுக்குள் குடியேறியது. அதன்பின் அது ஆய்வகத்தை விட்டு எண்ணெய், தூசி, நூறு மீட்டர் கேபிள் என்று எங்கே வேண்டுமானாலும் போகக்கூடியதாயிற்று. இன்று பொதுவாகப் புழங்குவது, ஒரு ஜி முடுக்கத்துக்கு 100 மில்லிவோல்ட் தருகிற வகை.

காற்றாலைக்கு வருமுன் அது ஹெலிகாப்டரில் ஏறியது. 1986 நவம்பர் 6 அன்று, வடகடல் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த சினூக் ஹெலிகாப்டர் ஷெட்லாண்ட் தீவின் சம்பரோவுக்குப் பக்கத்தில் கடலில் விழுந்தது. இருந்த 47 பேரில் 45 பேர் இறந்தார்கள். முன்பக்க கியர்பாக்ஸில் ஒரு பற்சக்கரம் களைப்பு விரிசலால் உடைந்திருந்தது. அதனால் முன் இறக்கைகளும் பின் இறக்கைகளும் ஒத்திசைவு தவறி ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. விரிசல் ஒரே நாளில் வருவதில்லை, வளரும்போது அதிர்வில் ஏதாவது தெரிந்திருக்காதா என்ற கேள்வி அந்த விபத்துக்குப்பின் தீவிரமாயிற்று. 1990-களின் தொடக்கத்திலிருந்து வடகடல் ஹெலிகாப்டர்களில் அதிர்வு சென்சார்கள் நிரந்தரமாக ஏறின. ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ் பேரிங்குகளுக்காக அமெரிக்காவில் 1974-லேயே யோசித்து வைத்திருந்த ஒரு கணக்குமுறை இன்றைக்குக் காற்றாலைகளின் தினசரிக் கருவி. அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

காற்றாலைக்கு இந்தப் பொருளை அழைத்துவந்ததும் இன்சூரன்ஸ்காரர்கள்தான், ஜெர்மனியில். 1990-களில் மெஷின்கள் மளமளவென்று பெரிதாயின, கியர்பாக்ஸ்கள் இருபது வருஷக் கணக்குக்கு வடிவமைக்கப்பட்டும் ஐந்தாறு வருஷத்தில் போய்க்கொண்டிருந்தன. இழப்பீடு கொடுத்து மாளாத கம்பெனிகள் 2000-களின் தொடக்கத்தில் பாலிசியில் ஒரு ஷரத்தைச் சேர்த்தன. 40,000 மணி நேரம் ஓடியதும், அல்லது ஐந்து வருஷத்தில், கியர்பாக்ஸ் வரிசையில் உள்ள பேரிங்குகளை நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டும். வேண்டாம் என்றால் அங்கீகாரம் பெற்ற அதிர்வுக் கண்காணிப்பு மாட்டி, நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டுங்கள். 2003-இல் ஜெர்மானிஷர் லாய்ட் அந்த அங்கீகாரத்துக்கு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. பொறியாளர்கள் சொல்லிக் கேட்காத முதலாளிகள் பிரீமியம் சொன்னதும் கேட்டார்கள்.

நாசெலுக்குள் சென்சார் எப்படி உட்காருகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். இரண்டு மெகாவாட் மெஷின் ஒன்றில் ஏழெட்டாவது வைப்பார்கள். முதன்மை பேரிங்கில் ஒன்றோ இரண்டோ, கியர்பாக்ஸில் நான்கைந்து, ஜெனரேட்டரின் இரு முனையிலும் ஒவ்வொன்று. கியர்பாக்ஸ் வார்ப்பின்மேல் கனமான பெயிண்ட் இருக்கும். வேலைக்குப் புதிதாக வந்த பையன் கேட்பான்: “அண்ணே, பெயிண்டு மேலயே ஒட்டிரலாமா?” பெரியவர் சொல்லும் பதில் பெரும்பாலும் இந்த வகையில்தான் இருக்கும்: “ஒட்டலாம்டே. பொறவு அது பெயிண்டு கதையச் சொல்லும், பேரிங் கதையச் சொல்லாது. சுரண்டு.” பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை மட்டமாக்கி, துளைபோட்டு மரை வெட்டி முறுக்குவார்கள், அல்லது அதற்கென்றுள்ள பசையால் எஃகு வில்லையை ஒட்டி அதன்மேல் முறுக்குவார்கள். காந்தம் வைத்து ஒட்டினால் மேல் அதிர்வெண்கள் பாதி தொலைந்துபோகும். கடைசியாக கேபிளை அசையாமல் கட்ட வேண்டும். கேபிள் ஆடினால் அதுவே ஒரு அதிர்வைக் கற்பித்துக் கொடுத்துவிடும். களத்தில் வரும் பொய் எச்சரிக்கைகளில் எத்தனையோ ஒரு கேபிள் டையில் போய் முடியும்.

ஏன் இத்தனை பத்தியம்? இறக்கையோடு சுற்றும் முதன்மைத் தண்டு நிமிடத்துக்கு 15 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு நான்கு வினாடி. கியர்பாக்ஸ் அதை நூறு மடங்கு பெருக்கி ஜெனரேட்டருக்கு 1,500 சுற்றாகக் கொடுக்கிறது, வினாடிக்கு 25. முடுக்கம் அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே தண்டு ஒரே அளவு ஆடினாலும், ஜெனரேட்டர் பக்கம் தெரியும் முடுக்கத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் முதன்மை பேரிங் பக்கம் தெரியும். மெதுவாகச் சுற்றுவதைக் கேட்பதுதான் கஷ்டம். அங்கே அதிக உணர்திறனுள்ள வேறு சென்சார் வேண்டும். கியர்பாக்ஸின் முதல் கட்டத்தில் இன்னொரு தொல்லை: கிரகச் சக்கரங்கள் தாமே சுற்றுவதோடு நடுச் சக்கரத்தையும் சுற்றிவருகின்றன. கெட்ட பல் ஒரு நேரம் சென்சாருக்குப் பக்கத்தில், ஒரு நேரம் எதிர்ப்பக்கம். போதாததற்குக் காற்று ஏற இறங்க வேகமும் மாறிக்கொண்டே இருக்கும். மாவு மில் மோட்டார் போல நிலையான வேகம் இங்கே கிடையாது. தண்டின் சுழற்சியைத் தனியே எண்ணி, நேரக் கணக்கைச் சுற்றுக் கணக்காக மாற்றிய பிறகுதான் எதையும் படிக்க முடியும்.

இனி அந்த 1974 முறை. பேரிங்கின் வெளிவளையத்தில் ஊசிமுனையளவு உலோகம் பெயர்ந்துவிட்டது என்று கொள்வோம். ஒவ்வொரு பந்தும் அதைக் கடக்கும்போது ஒரு தட்டு. எட்டுப் பந்துள்ள ஜெனரேட்டர் பேரிங் வினாடிக்கு 25 சுற்று சுற்றினால், வினாடிக்கு ஏறக்குறைய எழுபத்தைந்து, எண்பது தட்டு விழும். பேரிங்கின் அளவுகளும் பந்துகளின் எண்ணிக்கையும் தெரிந்தால் இதைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் சென்சாரில் நேராகப் போய்த் தேடினால் கிடைக்காது, பற்சக்கரங்களின் இரைச்சலுக்கு அடியில் அமுங்கிக் கிடக்கும். ஒவ்வொரு தட்டும் சுற்றியுள்ள உலோகத்தைச் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் கணநேரம் அதிரவைக்கிறது. அந்த மேல் அதிர்வெண் பட்டையை மட்டும் வடித்தெடுத்து, அதன் ஏற்ற இறக்கத்தின் மேல்விளிம்பை வரைந்து, அந்த விளிம்பு வினாடிக்கு எத்தனை முறை எழும்புகிறது என்று எண்ணினால், எழுபத்தாறோ எழுபத்தெட்டோ வந்து நிற்கும். கணக்கில் வந்த எண்ணும் கருவியில் வந்த எண்ணும் பொருந்தினால் எந்த பேரிங், எந்த வளையம் என்றே சொல்லிவிடலாம். இதற்கு வேண்டிய அதிவேகக் கணக்கு 1965-இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட ஃபூரியே முறை. அது இல்லாதிருந்தால் சென்சார் வினாடிக்குத் தரும் இருபத்தையாயிரம் எண்களை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஜெனரேட்டர் பேரிங்கில் அடிக்கடி காணும் ஒரு நோய்க்கு அடையாளம் அழகானது. கன்வெர்ட்டரிலிருந்து கசியும் மின்சாரம் தண்டு வழியாக பேரிங்குக்குள் பொறியாகத் தாவும். கழற்றிப் பார்த்தால் வளையத்தின் உட்புறம் ஒரே இடைவெளியில் வரிவரியாக அரித்திருக்கும். யாரோ உட்கார்ந்து கோடு போட்டதுபோல் நேர்த்தியாக இருக்கும். அதிர்வெண் வரைபடத்தில் அது வேறு மாதிரி மேடாகக் கிளம்பும், பழகிய கண்ணுக்குக் கழற்றாமலே தெரியும். வைத்தியம் பேரிங்கை மாற்றுவதோடு முடியாது. தண்டைத் தரைப்படுத்தும் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் புது பேரிங் போட்டால் அடுத்த சீசனில் அதே வரி விழும்.

சேதம் தன்னை ஒரு வரிசையில்தான் காட்டிக்கொள்ளும். முதலில் அதிர்வில், பல மாதம் முன்னால். பிறகு எண்ணெயில் இரும்புத் துகள். பிறகு காதுக்குக் கேட்கும் சத்தம். சூடு ஏறுவது கடைசியில். ஆனால் ஆரம்பத்திலிருந்தே காற்றாலைகளில் பெரும்பாலும் இருந்தது வெப்பமானிதான். அது கத்தும்போது கிரேனுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

கிரேன் என்றதும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வந்துவிடுவோம். தமிழ்நாட்டுக் காற்றாலைகள் வருஷம் முழுவதும் ஒரே சீராக உழைப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கணவாய்களில் நெருக்கிப் புகும் வைகாசி முதல் புரட்டாசி வரைதான் சீசன். முப்பந்தல், பணகுடி, ராதாபுரம், கயத்தாறு எங்கும் வருஷத்து வருமானத்தின் பெரும்பகுதி அந்த மாதங்களில் வந்தாக வேண்டும். ஆடியில் ஒரு கியர்பாக்ஸ் போனால் என்ன ஆகும்? பதினைந்து டன்னுக்கு மேல் கனக்கும் சாமானை எண்பது மீட்டர் உயரத்திலிருந்து இறக்கவும் ஏற்றவும் பெரிய கிரேன் வேண்டும். காற்று அடித்தால் கிரேன் தூக்காது. காற்று அடிப்பதால்தான் மெஷினை ஓட்ட வேண்டும், அந்தக் காற்றே பழுதுபார்க்க விடாது. பக்கத்து மெஷின்கள் எல்லாம் சுற்றிக்கொண்டிருக்க இது மட்டும் ஐப்பசி வரை நிற்கும். பழுதை முன்கூட்டி அறிவது ஜெர்மனியில் லாபம் என்றால் இங்கே அதைவிடப் பெரிய லாபம். மாசியிலோ பங்குனியிலோ தெரிந்தால், காற்று ஓய்ந்திருக்கும்போதே, கிரேன் வாடகை இறங்கியிருக்கும்போதே, பேரிங் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆறு மாதம் முன்பே ஒரு தட்டைக் கேட்பதன் விலை இங்கே காலண்டரில் இருக்கிறது.

ஆனால் தமிழ்நாட்டில் சென்சாரின் பயணம் பாதி வழியில் நிற்கிறது. 1986-இல் தூத்துக்குடிக் கடற்கரையில் 55 கிலோவாட் மெஷின்களோடு தொடங்கிய வரலாறு நம்முடையது. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 1998-இல் சென்னையில் தேசியக் காற்றாற்றல் மையம் அமைந்தது, கயத்தாற்றில் அதன் சோதனை நிலையம் டென்மார்க்கின் உதவியோடு வந்தது. சமீப வருஷங்களில் நிறுவிய இரண்டு, மூன்று மெகாவாட் மெஷின்கள் தொழிற்சாலையிலிருந்தே சென்சாரோடு வருகின்றன. முப்பந்தலில் ரோட்டை ஒட்டி நெருக்கி நிற்கும் 225, 250, 500 கிலோவாட் மெஷின்களில் பெரும்பாலானவற்றில் ஒன்றும் கிடையாது. அவற்றுக்கு இன்னும் ஸ்க்ரூடிரைவர்தான். நுனியை பேரிங் கூட்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்கிற கலை. அனுபவசாலிக்கு அது நன்றாகவே பேசும், ஆனால் மெஷின் மெதுவாகச் சுற்றும்போது, அவர் மேலே ஏறிய அன்று மட்டும். கணக்கும் அவர் பக்கமே நிற்கிறது: எட்டு சென்சாரும் கருவிப்பெட்டியும் வாங்கும் செலவு இரண்டு மெகாவாட் மெஷினுக்கு ஒரு பொருட்டல்ல, 250 கிலோவாட் மெஷினுக்கு அது பெரிய தொகை. கைபேசிக்குள்ளும் காரின் ஏர்பேக்குக்குள்ளும் இருக்கிற சிலிக்கான் அதிர்வு சில்லுகள் இந்தக் கணக்கை மாற்றக்கூடும். உயர் அதிர்வெண்ணில் பீசோவுக்கு ஈடாக முன்பு அவை நிற்கவில்லை, இப்போது இடைவெளி குறைந்துவருகிறது. 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட கொள்கை, இருபது வருஷம் கடந்த காற்றாலைகளைப் பெரிதாக மாற்றியமைக்கவோ புதுப்பித்து ஆயுளை நீட்டிக்கவோ வழிசெய்கிறது. ஆயுளை நீட்டிக்க விரும்பும் மெஷினுக்கு இன்னும் எவ்வளவு உயிர் இருக்கிறது என்பதை யாராவது அளந்து சொல்லியாக வேண்டும்.

அளந்தாலும் அந்த எண் யாருடையது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே காற்றாலை வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து மில்காரர்கள். மெஷின் அவர்களுடையது, நிலம் அவர்களுடையது, பராமரிப்பு மட்டும் விற்ற கம்பெனியுடையது. சென்சாரின் எண்கள் நேராகக் கம்பெனியின் சர்வருக்குப் போகின்றன. முதலாளி கேட்டால் மாதம் ஒருமுறை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வட்டம் போட்ட இரண்டு பக்க அறிக்கை வரும். பச்சை எதை வைத்துப் பச்சை, மஞ்சள் எப்போதிலிருந்து மஞ்சள் என்பது அதில் இருக்காது. ஒப்பந்தம் முடிந்தாலோ, விற்ற கம்பெனியே கடையைக் கட்டினாலோ, பத்து வருஷத்துப் பதிவு அதோடு போய்விடும். புதிதாகப் பராமரிப்பு எடுப்பவருக்கு அந்த மெஷின் நன்றாக இருந்தபோது எப்படி அதிர்ந்தது என்றே தெரியாது, ஒப்பிட அடிப்படை இல்லாமல் இன்றைய அதிர்வை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆகவே இப்போது விவரமான மில்காரர்கள் ஒப்பந்தம் போடும்போதே, விலைக்கும் உத்தரவாதத்துக்கும் கீழே, ஒரு வரியைத் தனியாக எழுதி வாங்குகிறார்கள்: கச்சா அதிர்வுப் பதிவுகள் உரிமையாளருக்கே சொந்தம், கேட்ட நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும்.